ஆட்டுத்தோல் போட்ட சீட்டு

எங்க நைனா இருபத்திமூணு வருசம் மீனம்பாக்கத்தில் ஏரோப்ளேன் கழுவினார். கழுவினார் என்றால் வெளியே குழாய் பிடித்துத் தண்ணீர் அடிப்பது இல்லை. பயணிகள் எல்லாம் இறங்கிப்போன பிறகு பின்பக்கக் கதவு வழியாக ஏறி, அவர்கள் தின்றுபோட்டதை, துடைத்துப்போட்டதை, வாந்தி எடுத்து மடக்கி வைத்துவிட்டுப் போன பையை, எல்லாவற்றையும் பொறுக்கவேண்டும். பிறகு கக்கூஸ். அடுத்த கூட்டம் ஏறுவதற்குள், அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கவேண்டும். கம்பெனி ஆள் இல்லை அவர். ஒரு ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி. அந்தக் கூட்டத்தில் இருந்த பதினெட்டுப் பேரும் சேரி ஆட்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்ததாகச் சொல்லமாட்டார்கள். இந்த நாட்டில் கக்கூஸ் ஆகாயத்தில் பறந்தாலும் அதைக் கழுவ வருகிறவன் எந்தத் தெருவிலிருந்து வருவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீடு மயிலாப்பூர் விசாலாட்சி தோட்டத்தில். விடியற்காலை மூணரைக்கு எழுந்து, ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வழியாக நடந்தே மாம்பலம் ஸ்டேசனுக்குப் போய் முதல் ரயிலைப் பிடிப்பார். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு எங்கள் ரெண்டு பேருக்கு டீ, பன்னு ஆகும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி அவரிடம் ஒரு விசயம் சொன்னானாம். "எல்லா இடமும் பெருக்கு. முன்னாடி கீதே சின்னக் கதவு, அத்தாண்ட மட்டும் போவாத." பைலட் உட்காரும் அறைக்கான கதவு அது. அதைச் சுத்தம் செய்ய வேறு ஆள் வருவான். நைனா இருபத்திமூணு வருசமும் அந்தக் கதவுக்கு ஒரு முழம் முன்னால் துடைப்பத்தை நிறுத்தி, திரும்பி வந்திருக்கிறார். ஒரே ஒரு தடவை கதவு திறந்திருந்ததாம், ஒரு ஆவ்ரோ விமானத்தில். எட்டிப் பார்த்திருக்கிறார். அன்று ராத்திரி எங்களிடம் சொன்னார்:

"சீட்டு மேல ஆட்டுத்தோல் போட்டு வச்சிக்கிறாங்கடா. மயிரோட. மெத்து மெத்துன்னு கீது."

அம்மா கேட்டது: "தோலா? நம்மாளு உரிச்சதா இருக்கும். அதுல உக்கார்றதுக்கு அவங்களுக்குத் தீட்டு இல்லியா?"

அம்மா சிரிக்கச் சிரிக்கச் சொன்னதுதான். ஆனால் சின்ன வயசில் எனக்கு அது பெரிய கேள்வியாக இருந்தது. பறைக்குத் தோல் கட்டினால் இழிவு. செருப்புக்குத் தோல் தைத்தால் இழிவு. அதே தோல் முப்பதாயிரம் அடி உயரத்தில் போய் உட்கார்ந்தால் கௌரவம். பிழை தோலில் இல்லை என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அடையாறு திரு.வி.க. பாலத்தில் நின்றால், கடல் பக்கமிருந்து வந்து இறங்குகிற விமானங்கள் தலைக்குமேல் தாழப் போகும். ஞாயிற்றுக்கிழமையில் நைனா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவார். "இது போயிங்கு. இதுக்கு பின்னாடி ரெண்டு கக்கூஸு" என்பார். மற்றப் பிள்ளைகள் விமானத்தை மூக்கிலிருந்து பார்ப்பார்கள். நான் வாலிலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

கல்லூரியில் என்னோடு படித்த அடையாறு பையன் ஒருவன், சின்ன வயசில் பம்பாய் போகும்போது பைலட் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்ததைச் சொல்லிச் சொல்லி மாளமாட்டான். அந்தக் காலத்தில் பல நாடுகளில் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. விமானம் மேலே போய் நிதானத்துக்கு வந்த பிறகு, பணிப்பெண்ணிடம் கேட்டால், அவர் உள்ளே போய்க் கேட்டு வருவார். கேப்டன் நல்ல மனுசனாக இருந்தால் "வரச்சொல்" என்பார். குழந்தைகளுக்கு இறக்கை வைத்த பேட்ஜ் குத்திவிடுவார்கள். பயந்த பயணிகளைக் கூப்பிட்டு, இதோ பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவார்கள். தங்கள் வேலையைப் பற்றி ஆசையாகக் கேட்கிறவர்களிடம் ஆசையாகப் பேசுகிற ஆட்கள் பைலட்டுகள். நண்பன் கதை சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு முழம்தான் ஞாபகம் வரும். டிக்கெட் வாங்கினவனின் பிள்ளை கேட்டால் திறக்கிற கதவு, அதே விமானத்தைக் கழுவினவனுக்குத் திறக்கவில்லை.

2001-ஆம் வருசம் எனக்கு விமானத்தில் போகும் வாய்ப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு ஆகஸ்டு 31 முதல் நடக்க இருந்தது. அதற்கு முன்பே, ஆகஸ்டு 28-இல், தன்னார்வ அமைப்புகளின் மன்றம் ஆரம்பம். சாதியும் அந்த மாநாட்டில் பேசப்படவேண்டும் என்று இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் தலித் தோழர்கள் கிளம்பினார்கள். அதில் நானும் ஒருவன். தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு சூட்கேசும், பாண்டி பஜாரில் ஒரு ஸ்வெட்டரும் வாங்கினேன். நைனா சூட்கேசைத் தடவிப் பார்த்தார். "கக்கூஸ்ல தண்ணிய இறைச்சி வெச்சிட்டு வராதடா. துடைக்கிறவன் பாவம்." எனக்குக் கொடுத்த ஒரே புத்திமதி அதுதான்.

சென்னையிலிருந்து மும்பை போகும் விமானத்தில் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். நல்ல மனுசர். எனக்கு பெல்ட் மாட்டக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஆரம்பித்தார்.

"சாருக்கு மெட்ராஸ்ல எங்க?"

"மயிலாப்பூர்."

"அப்படியா! நாங்களும் மயிலாப்பூர்தான். எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி எங்கே போகும் என்று நம்மில் ஒவ்வொருவருக்கும் தெரியும். மயிலாப்பூர் என்று சொன்னவுடன் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். மாட வீதி, தெப்பக்குளம், அறுபத்துமூவர் உற்சவம் என்று அவர் மனசில் படம் ஓடும். தெருப் பெயரைச் சொன்னால் படம் அறுந்துவிடும்.

"லஸ் கிட்ட" என்றேன்.

"அப்பா என்ன பண்ணார்?"

"ஏர்போர்ட்ல இருந்தார்."

"ஓ! ஏரோட்ரோம் ஆபீசரா?"

"ம்."

ஒரு எழுத்து. வாயைக்கூடத் திறக்கவேண்டாம். உலகத்தின் முன்னால் நின்று 'நான் தலித்' என்று கத்தப் போய்க்கொண்டிருந்தவன், பக்கத்து சீட்டுக்காரரிடம் 'ம்' என்று சொல்லி எங்கப்பனைக் காணாமல் அடித்தேன்.

டர்பனில் நடந்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பறை அடித்தோம், ஊர்வலம் போனோம், எங்கள் கோரிக்கையை எல்லா நாட்டுக்காரர்களிடமும் கொண்டுபோனோம். கறுப்பினத் தோழர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த ஊருக்கு 1860-இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் இதே மெட்ராஸிலிருந்துதான் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கியது. கப்பல் பதிவேட்டில் ஆட்களின் பெயரோடு சாதியையும் எழுதினார்கள். பறையன் என்று எழுதப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். நூற்று நாற்பத்தோரு வருசம் கழித்து நாங்கள் அதே ஊரில் நின்று, சாதி இருக்கிறது என்பதை ஒரு காகிதத்தில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். சாதி வேறு, இனம் வேறு, இது எங்கள் நாட்டு உள்விவகாரம் என்றது இந்திய அரசு. செப்டம்பர் 8-இல் மாநாடு முடிந்தபோது, இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல் இல்லை.

அந்தச் சோர்வோடுதான் திரும்பினோம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மும்பைக்கு ராத்திரி விமானம். எல்லோரும் தூங்கினார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. மூணு மணிக்கு மேலே இருக்கும். தண்ணீர் கொடுத்த பணிப்பெண்ணிடம் திடீரென்று கேட்டுவிட்டேன். பைலட் அறையைப் பார்க்கலாமா? கேட்ட பிறகுதான் உடம்பு நடுங்கியது. நாற்பது வயசை நெருங்கின ஆள், குழந்தை மாதிரிக் கேட்கிறான் என்று நினைப்பாரோ? அவர் சிரித்துவிட்டுப் போனார். பத்து நிமிசத்தில் வந்து, "கேப்டன் உங்களை வரச்சொல்கிறார்" என்றார்.

அந்தச் சின்னக் கதவு. அதற்கு முன்னால் ஒரு முழம். என் கால் அந்த இடத்தில் தானாக நின்றுவிட்டது. பணிப்பெண் தள்ளாத குறையாக உள்ளே அனுப்பினார்.

உள்ளே இருட்டு. முகத்தில் படுகிற மாதிரி நூற்றுக்கணக்கான சின்ன விளக்குகள். ரெண்டு பேர் இருந்தார்கள். இடது பக்கம் கேப்டன், வெள்ளைக்காரர், ஐம்பது வயசு இருக்கும். அவர் பின்னால் இருந்த மடக்கு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். கண்ணாடிக்கு வெளியே நட்சத்திரங்கள். கீழே கடல், அதில் ஒரு வெளிச்சமும் இல்லை. ரேடியோவில் கரகரவென்று தூரத்துக் குரல்கள். கரையிலிருந்து இத்தனை தூரம் வந்துவிட்டால் ராடார் கண்ணுக்குத் தெரியமாட்டோம், நாமே சொன்னால்தான் நாம் எங்கே இருக்கிறோம் என்று தரைக்குத் தெரியும் என்று விளக்கினார். வெளியே குளிர் மைனஸ் ஐம்பதுக்குப் பக்கம் என்று ஒரு எண்ணைக் காட்டினார்.

நான் அதையெல்லாம் சரியாகப் பார்க்கவில்லை. அவர் சீட்டைத்தான் பார்த்தேன். ஆட்டுத்தோல். மயிரோடு, வெளுத்த மஞ்சள் நிறம், விளிம்பில் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

"எந்த ஊர்?" என்றார்.

"மெட்ராஸ்."

எந்தத் தெரு என்று கேட்கவில்லை. மெட்ராஸில் ரன்வே கடலுக்குப் பக்கமா என்று கேட்டார். கடல்மேல் திரும்பி அடையாறு வழியாக வருவார்கள் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றார். அப்போது சொன்னேன். இதுவரை எந்த அந்நியரிடமும் சொல்லாததை, யாரும் வற்புறுத்தாமல், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: என் அப்பா இருபத்திமூணு வருசம் விமானத்தில் கக்கூஸ் கழுவினார். இந்த அறைக்குள் வர அவருக்கு அனுமதி இல்லை. ஒரு தடவை எட்டிப் பார்த்து, ஆட்டுத்தோல் போட்ட சீட்டைப் பற்றி எங்களிடம் சொன்னார்.

கொஞ்ச நேரம் ரேடியோ மட்டும் பேசியது. அவர் பரிதாபப்பட்டு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்டது இதுதான்: "எந்த விமானங்கள்?"

"ஆவ்ரோ. போயிங் 737."

"737-இல் நானும் பல வருசம் இருந்தேன். அதன் பின்பக்கக் கக்கூஸ் ரொம்பக் குறுகல். அதைக் கழுவுவது லேசான காரியம் இல்லை." பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "இவர் அப்பாவும் நம்ம தொழில்தான்" என்றார்.

அவ்வளவுதான். அவர் பெரிய புரட்சி எதுவும் செய்துவிடவில்லை. அவருடைய நாட்டில் 1994 வரைக்கும் தோல் நிறத்தை வைத்து வாசல் பிரித்தவர்கள் ஆண்டார்கள். அந்தக் காலத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் சாதி என்னவென்று அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் புரிந்திருக்காது. ஆனால் எங்க நைனாவின் வேலையை ஒரு வேலையாக, நுணுக்கம் தெரிந்த வேலையாக ஒருத்தர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வலது பக்கம் வானம் வெளுக்க ஆரம்பித்ததும் எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"உள்ளயே உட்டாங்களா? ஆட்டுத்தோலு இருந்துச்சா?"

"இருந்துச்சி நைனா."

"என்னப் பத்தி சொன்னியா?"

"சொன்னேன்."

"கக்கூஸ் கழுவுனதையுமா?"

"ஆமா."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுகிறார் என்று நினைத்தேன். "அதுக்கு அவுரு இன்னா சொன்னாரு?" என்றார். சொன்னேன். பின்பக்கக் கக்கூஸ் குறுகல் என்று அவர் சொன்னதையும் சொன்னேன். நைனா சத்தமாகச் சிரித்தார். "தெரிஞ்சி வச்சிக்கிறாரே! முழங்கை இடிக்கும்டா அதுல." அன்று முழுக்கத் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அந்த முழங்கைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மும்பை விமானத்தில் சொன்ன 'ம்'-ஐ நான் அவரிடம் சொல்லவில்லை. 2006-இல் அவர் சாகும்வரை சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

நான் திரும்பி வந்த ரெண்டாம் நாள், செப்டம்பர் 11. டி.வி.யில் அந்தக் கட்டடங்கள் விழுவதைத் தோட்டமே கூடி நின்று பார்த்தது. நைனா கேட்டார், "அந்தக் கதவ ஒடச்சிட்டு உள்ள போயிட்டாங்களா?" பைலட் அறைக் கதவு லேசான பலகைதான் என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அந்தக் கதவு மாறியது. குண்டு துளைக்காத, உள்ளிருந்து பூட்டுகிற கதவு 2003 நவம்பரிலிருந்து பெரிய பயணி விமானங்களுக்குச் சர்வதேச விதியானது. பறக்கும்போது பயணியை உள்ளே விடுவது நின்றது. 2023 பிப்ரவரியில் துபாயிலிருந்து தில்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில் ஒரு பைலட் தன் சிநேகிதியை உள்ளே உட்காரவைத்தார் என்று, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பைலட்டின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தது.

இதை நான் குறை சொல்லவில்லை. 1994-இல் ஒரு ரஷ்ய கேப்டன் ஆசையாகத் தன் மகனையே சீட்டில் உட்காரவைத்து, விமானம் சைபீரியாவில் விழுந்து 75 பேர் செத்தார்கள். சிநேகத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. பூட்டுக்கும் இருக்கிறது. 2015-இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் துணை பைலட் உள்ளே பூட்டிக்கொள்ள, கேப்டன் வெளியே நின்று கதவை இடித்துக்கொண்டே இருந்தார். 150 பேர் ஆல்ப்ஸ் மலையில் செத்தார்கள்.

நான் சொல்லவருவது வேறு. இப்போது அந்தக் கதவு பறக்கும்போது எல்லோருக்கும் மூடியிருக்கிறது. மந்திரி கேட்டாலும் திறக்காது, மடாதிபதி கேட்டாலும் திறக்காது. எல்லோருக்கும் மூடின கதவு யாரையும் அவமானப்படுத்தாது. எங்கள் தோட்டத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் கபாலீசுவரர் கோயில் இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் கோபுரத்துக்கு வெளியே நின்றோம். 1939, 1947 ஆலயப் பிரவேசச் சட்டங்களுக்குப் பிறகு உள்ளே போகலாம். கருவறை வாசலில் வந்து நிற்கவேண்டும். எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 1970-இல் சட்டம் போட்ட தமிழ்நாட்டில், பயிற்சி முடித்த பிற சாதியினர் 24 பேருக்குப் பணி ஆணை கொடுக்க 2021 ஆகஸ்டு வரை ஆனது. அந்தப் பூட்டு ஆபத்துக்காகப் போட்ட பூட்டு இல்லை. பிறப்பைக் கேட்டுத் திறக்கிற பூட்டு.

2024-இல் பேத்தியைக் கூட்டிக்கொண்டு தில்லி போய் வந்தேன். சென்னையில் தரை இறங்கி, எல்லோரும் இறங்கும்போது, கதவருகே நின்ற இளம் பைலட் குழந்தையைப் பார்த்துச் சிரித்து, "உள்ள பாக்குறியா?" என்றார், தமிழில். நின்றுவிட்ட விமானத்தில் இன்றும் அந்தச் சிநேகம் மிச்சம் இருக்கிறது. அவர் தூக்கி உட்காரவைக்க, அவள் ஸ்டியரிங் எங்கே, ஹாரன் எங்கே என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் அவரிடமும் சொன்னேன், எங்கப்பா இங்கே கக்கூஸ் கழுவினவர் என்று. இப்போது நான் யாரிடமும் 'ம்' போடுவதில்லை.

அதற்குள் பின்பக்கமாகக் கறுப்புப் பையோடு துப்புரவுப் பெண்கள் ஏறி, சீட்டு சீட்டாகப் பொறுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்கள். அதில் ஒரு அம்மா பேத்தியைப் பார்த்து நின்றார். "நீங்க உள்ள போயிருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"தொடைக்கப் போவோம் சார். உக்காந்ததில்ல" என்றார்.

பைலட்டும் அதைக் கேட்டார். அவர் ஏதாவது சொல்வதற்குள் பின்னாலிருந்து சூப்பர்வைசர் குரல் கொடுத்தான். "டைம் ஆவுது, வாம்மா."

அந்த அம்மா குனிந்து, பேத்தியின் செருப்பிலிருந்து விழுந்திருந்த மண்ணைக் கையாலேயே வழித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.